ஒரே மூலக்கூறு, இரு விளைவுகள்: எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் நோயெதிர்ப்பும் ஓபியாய்டுகளும்

1. கேள்வியும் களமும்

ஓபியாய்டுகள் என்ற மருந்துக் குடும்பம் பெரியது. அபினியிலேயே இருக்கும் மார்ஃபின், கோடீன்; அபினிப் பொருள்களை வேதிமாற்றம் செய்து பெறப்படும் ஹெராயின், புப்ரினார்ஃபின்; முழுவதும் ஆய்வகத்தில் உருவாக்கப்படும் மெத்தடோன், ஃபென்டனில், டிராமடால், டேபென்டடால் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வலியைத் தணிப்பதில் இவற்றுக்கு இணையான மருந்துகள் குறைவு. பழக்கத்துக்கு அடிமையாக்குவதிலும் அப்படியே. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் வாழ்க்கையில் இவை மூன்று வழிகளில் நுழைகின்றன: போதைக்காக ஊசியிலோ புகையிலோ எடுக்கப்படுபவையாக, வலிக்கு மருத்துவர் எழுதித் தருபவையாக, போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் மாற்று மருந்தாக.

எச்.ஐ.வி. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பைச் சிதைக்கும் வைரஸ். ஓபியாய்டுகளும் நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உண்டு. ஆகவே இரண்டும் ஒரே உடலில் சேரும்போது நோய் விரைந்து முற்றும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்குச் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தியாவில் இது சிறிய கேள்வியன்று. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டுகளைப் பயன்படுத்துகின்றனர். போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம். பொது மக்களிடையே வளர்ந்தோரில் எச்.ஐ.வி. பரவல் 0.2 சதவீத அளவில் இருக்க, ஊசிவழிப் போதை எடுப்போரிடையே 2017 கண்காணிப்புக் கணக்கெடுப்பில் அது 6.26 சதவீதம். தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை நெருக்கமாக ஆராயப்பட்ட இடம் சென்னை. அங்கு ஊசியில் ஏறிய முக்கியமான மருந்து புப்ரினார்ஃபின். அதே மருந்துதான் மீட்புச் சிகிச்சையிலும் தரப்படுகிறது என்பது இந்தக் கேள்விக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு சோதனைக் களத்தைத் தருகிறது.

2. வைரஸ் செய்யும் சேதம்

எச்.ஐ.வி. முதன்மையாகத் தாக்குவது சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்ட டி அணுக்களை. நோயெதிர்ப்பின் மற்றப் பிரிவுகளுக்கு ஆணை தரும் அணுக்கள் இவை. நலமாக உள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. அணுவுக்குள் நுழைய வைரஸுக்கு சிடி4 மட்டும் போதாது. சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற துணை வாயில் ஒன்றும் தேவை. பெரும்பாலான புதிய தொற்றுகளில் வைரஸ் பயன்படுத்துவது சிசிஆர்5.

இரத்தத்தில் எண்ணப்படும் சிடி4 அணுக்கள் கதையின் ஒரு பகுதி மட்டுமே. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரில்தான் உள்ளது. தொற்றிய சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 அணுக்கள் பேரளவில் அழிகின்றன. குடல் சுவர் பலவீனப்பட, குடல் பாக்டீரியாக்களின் சிதைபொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன. இந்தக் கசிவு நோயெதிர்ப்பு அமைப்பை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது என்பதை 2006இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. இந்த ஓயாத தூண்டலும் அதனால் வரும் அழற்சியும் சிடி4 அணுக்களை மேலும் தேய்க்கின்றன. வைரஸை மருந்தால் முழுக்க அடக்கிய பிறகும் ஓரளவு அழற்சி எஞ்சி, இதய நோய், சிறுநீரக நோய் போன்றவற்றுக்கு வழி வைக்கிறது. ஓபியாய்டுகளின் விளைவை மதிப்பிடும்போது சிடி4 எண்ணிக்கையோடு குடல் கசிவையும் அழற்சியையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

3. ஓபியாய்டு செய்யும் சேதம்

ஓபியாய்டு நோயெதிர்ப்பைத் தாழ்த்தும் என்ற அவதானிப்பு எச்.ஐ.வி.யைவிட மிகப் பழையது. 1898இல் ருமேனிய அறிஞர் ஜான் கான்டாகுசேன், அபினி ஏற்றப்பட்ட கினிப்பன்றிகளின் வெள்ளணுக்கள் காலரா நுண்ணுயிரை விழுங்கி அழிக்கும் திறனை இழப்பதைப் பதிவு செய்தார். 1973இல் மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பது உறுதியானது; 1975இல் உடலே சுரக்கும் ஓபியாய்டுகளான என்கெஃபலின்கள் கண்டறியப்பட்டன. பின்னர் நோயெதிர்ப்பு அணுக்களிலும் இத்தகைய ஏற்பிகள் இருப்பது தெரியவந்தது.

விளைவுகள் இரண்டு பாதைகளில் நிகழ்கின்றன. முதல் பாதை மூளை வழியானது. மார்ஃபின் மூளையின் நடுப்பகுதியில் செயல்பட்டு, புற்றணுக்களையும் வைரஸ் தொற்றிய அணுக்களையும் கொல்லும் இயற்கைக் கொல்லி அணுக்களின் ஆற்றலைக் குறைக்கிறது என்பதை 1989இல் வெபரும் பெர்ட்டும் எலிகளில் காட்டினர். கார்டிசால் சுரப்பும் பரிவு நரம்பு மண்டலத்தின் தூண்டலும் இந்தப் பாதையில் பங்கேற்கின்றன. இரண்டாவது பாதை நேரடியானது. விழுங்கணுக்கள், டி அணுக்கள் ஆகியவற்றின் மீதுள்ள, மியூ எனப்படும் வகை ஓபியாய்டு ஏற்பிகளை மார்ஃபின் பற்றும்போது அவற்றின் நகர்வு, விழுங்கும் திறன், இன்டர்ஃபெரான் போன்ற தற்காப்புப் புரதங்களைச் சுரக்கும் திறன் ஆகியவை குறைகின்றன.

எல்லா ஓபியாய்டுகளும் இதில் ஒரே அளவில் செயல்படுவதில்லை. மார்ஃபின், கோடீன், ஃபென்டனில் ஆகியவை நோயெதிர்ப்பைக் கூடுதலாகத் தாழ்த்துபவை. டிராமடாலும் புப்ரினார்ஃபினும் அந்த அளவுக்குத் தாழ்த்துவதில்லை. 2000இல் வெளியான எலி ஆய்வொன்றில் மூளையின் அதே பகுதியில் மார்ஃபினும் புப்ரினார்ஃபினும் தனித்தனியே செலுத்தப்பட்டன. மார்ஃபின் கொல்லி அணுக்களையும் டி அணுக்களையும் விழுங்கணுக்களையும் தாழ்த்தியது, புப்ரினார்ஃபின் அவற்றை மாற்றவில்லை. புப்ரினார்ஃபின் மியூ ஏற்பியை இறுகப் பற்றினாலும் அதை ஓரளவுக்கு மேல் தூண்டாது. காப்பா என்ற மற்றொரு வகை ஏற்பியையோ தடுக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு அந்த மருந்தியல் இயல்பே காரணமாகக் கூறப்படுகிறது.

4. இரண்டும் சேரும்போது: ஆய்வகச் சான்று

1990இல் மினியாபோலிஸில் பீட்டர்சன் குழுவினர், மனித இரத்த அணுக்களின் வளர்ப்பில் மார்ஃபினைச் சேர்த்தபோது எச்.ஐ.வி.யின் பெருக்கம் அதிகரிப்பதைக் கண்டனர். அடுத்து வந்த ஆய்வுகள் காரணத்தைத் துலக்கின. மார்ஃபின் விழுங்கணுக்களின் மேற்பரப்பில் சிசிஆர்5 வாயிலை அதிகரிக்கிறது. அந்த வாயிலை அடைத்து வைரஸைத் தடுக்கும் கீமோகைன்கள் என்ற புரதங்களின் சுரப்பைக் குறைக்கிறது. அணுவுக்குள் வைரஸை எதிர்க்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களையும் இன்டர்ஃபெரான் பாதையையும் அடக்குகிறது. மெத்தடோனும் ஆய்வகக் கிண்ணத்தில் இதுபோன்ற விளைவைத் தந்துள்ளது.

குடலைப் பற்றிய சான்று இதைவிடக் கவனத்துக்குரியது. மினசோட்டாவிலும் பின்னர் மயாமியிலும் பணியாற்றிய சபிதா ராய் குழுவினர், மார்ஃபின் தரப்பட்ட எலிகளில் குடல் சுவரின் அணு இணைப்புகள் தளர்ந்து பாக்டீரியாக்கள் உள்ளே கசிவதையும், குடல்வாழ் நுண்ணுயிர்களின் கலவை மாறுவதையும் காட்டினர். எச்.ஐ.வி. செய்யும் அதே சேதத்தை, அதே இடத்தில், மார்ஃபினும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கசிவும் அழற்சியும் கூடும் என்ற கருதுகோளுக்கு இது வலுவான அடிப்படை. மூளையிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு: எச்.ஐ.வி.யின் டாட் புரதமும் மார்ஃபினும் சேரும்போது மூளையின் காவலணுக்களான மைக்ரோக்ளியாவின் அழற்சியும் நரம்பணுச் சேதமும் தனித்தனியே விளைவதைவிட அதிகமாகின்றன.

இச்சான்றுகளுக்கு ஒரு வரம்பு உண்டு. கிண்ணத்தில் உள்ள அணுக்கள் மார்ஃபினைச் சில மணி அல்லது சில நாட்கள் சந்திக்கின்றன. பழக்கமுள்ள மனித உடலோ பல ஆண்டுகளாக அதற்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது. தாங்குதிறன் உருவான உடலில் அதே மருந்தின் விளைவு அதே அளவில் நீடிப்பதில்லை.

5. விலங்கு ஆய்வுகளின் முரண்

மனிதரில் செய்ய இயலாத சோதனைகள், எச்.ஐ.வி.யின் குரங்கு உறவான எஸ்.ஐ.வி.யைக் கொண்டு ரீசஸ் குரங்குகளில் செய்யப்பட்டன. முடிவுகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. 2004இல் அனில் குமார் குழுவினரின் ஆய்வில் மார்ஃபினுக்கு அடிமைப்படுத்தப்பட்ட குரங்குகளில் வைரஸ் அளவு கூடி நோய் விரைந்து முற்றியது. டோனஹோ குழுவினரின் 1990களின் ஆய்வுகளோ, ஒரே அளவில் நாள் தவறாமல் தரப்பட்ட ஓபியாய்டு நோயை விரைவுபடுத்தவில்லை என்றன. மருந்து விட்டுவிட்டுக் கிடைத்து, உடல் அடிக்கடி விடுபடல் நிலைக்குத் தள்ளப்படும்போதுதான் நோயெதிர்ப்பின் சமநிலை குலைகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தன.

விடுபடல் நிலை என்பது பழகிய மருந்து திடீரென நிற்கும்போது வரும் உடல் கொந்தளிப்பு. அப்போது கார்டிசாலும் அட்ரினலினும் பொங்குகின்றன, குடல் கலங்குகிறது, தூக்கம் கெடுகிறது. மார்ஃபின் திடீரென நிறுத்தப்பட்ட எலிகளில் நோயெதிர்ப்புத் திறன் தாழ்வதையும், பாக்டீரிய நச்சுப்பொருளுக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டுவதையும் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே விலங்கு ஆய்வுகளின் முரணுக்கு ஒரு பகுதி விளக்கம், எந்த மருந்து என்பதோடு எந்த ஒழுங்கில் தரப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கிறது. தெருவில் வாங்கி ஊசி ஏற்றிக்கொள்பவரின் உடல் ஒரே நாளில் பலமுறை உச்சத்துக்கும் விடுபடலுக்கும் இடையே ஊசலாடுகிறது. மாற்று மருந்து பெறுபவரின் உடலில் இந்த ஊசலாட்டம் அடங்கிவிடுகிறது.

6. மனிதர்களிடம் கிடைத்த சான்று

ஆய்வகக் கருதுகோள் முழுக்கச் சரியென்றால், சிகிச்சை இல்லாத காலத்தில் ஓபியாய்டு எடுத்த எச்.ஐ.வி. தொற்றாளர்கள் மற்றத் தொற்றாளர்களைவிட விரைவாக எய்ட்ஸ் நிலையை அடைந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் 1988இல் தொடங்கிய அலைவ் ஆய்வு உட்படப் பல நெடுங்காலத் தொடர் ஆய்வுகள் இதைச் சோதித்தன. ஐரோப்பிய ஆய்வுகளை இணைத்த கேஸ்கேட் கூட்டமைப்பின் தரவு இங்கு முக்கியமானது. வயதைக் கணக்கில் கொண்ட பிறகு, பல எச்.ஐ.வி. மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு முந்தைய காலத்தில் ஊசிவழித் தொற்றாளருக்கும் பாலுறவுவழித் தொற்றாளருக்கும் நோய் முற்றும் வேகத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. 1996க்குப் பின் சிகிச்சை வந்ததும் இடைவெளி தோன்றியது: மற்றவர்கள் பெற்ற பலனை ஊசிவழிப் பயன்படுத்துவோர் அதே அளவில் பெறவில்லை.

இந்தக் காலவரிசையே ஒரு வாதம். இடைவெளிக்கு மருந்தின் மூலக்கூறு முதன்மைக் காரணமாக இருந்திருந்தால் அது சிகிச்சைக்கு முன்பே வெளிப்பட்டிருக்கும். சிகிச்சையோடு சேர்ந்து தோன்றியதால், காரணத்தைச் சிகிச்சை கிடைப்பதிலும் தொடர்வதிலும்தான் முதலில் தேட வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்கு உறுதி கிடைத்தது. அங்கு சிகிச்சையும் மருந்தும் அனைவருக்கும் இலவசம். 2008இல் வெளியான ஆய்வில், கூட்டுச் சிகிச்சை தொடங்கிய 3,116 பேரில் ஊசிவழிப் பழக்கம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைக் கொண்டு ஓபியாய்டு தீங்கற்றது என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. சிடி4 எண்ணிக்கையில் தெரியாத தீங்கு வேறு இடத்தில் தெரிகிறது. 2019இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பற்றிய ஆய்வு, மருத்துவர் எழுதித் தந்த ஓபியாய்டுகளை எடுத்தவர்களிடம் நிமோனியா ஆபத்து கூடுவதைக் காட்டியது. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது, நோயெதிர்ப்பைத் தாழ்த்தும் வகை மருந்துகளில் அது மேலும் அதிகம், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இன்னும் அதிகம். இவர்கள் தெரு ஊசியால் அல்லாமல் மருத்துவச் சீட்டின் வழியே மருந்து பெற்றவர்கள் என்பதால் மருந்தின் தனி விளைவை இந்த ஆய்வு ஓரளவு பிரித்துக் காட்டுகிறது. இருமலை அடக்கி, மூச்சைத் தளர்த்தி, நுரையீரலில் சளி தேங்க விடும் ஓபியாய்டின் இயல்பும் இதில் பங்கு பெறுகிறது.

இரண்டு வகைச் சான்றுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் இது: ஓபியாய்டின் நேரடி நோயெதிர்ப்புத் தாக்கம் உண்மையானது, அளவில் மிதமானது, நுரையீரலிலும் குடலிலும் அழற்சியிலும் கூடுதலாகத் தெரிவது. எச்.ஐ.வி. முற்றுவதைத் தீர்மானிக்கும் பெரிய விசை, வைரஸ் மருந்தால் அடக்கப்பட்டுள்ளதா இல்லையா என்பதே.

7. சென்னை காட்டுவது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1993இல் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர், பின்னாளில் ஊசிவழிப் பயன்படுத்துவோர் பற்றிய ஆய்வுகளின் மையமாயிற்று.

சென்னையில் 1980களில் ஹெராயினின் மலிவு வடிவமான பிரவுன் சுகர் பெரும்பாலும் புகையாக எடுக்கப்பட்டது. 1990களில் பலர் ஊசிக்கு மாறினர். அவர்கள் மாறிய மருந்து, வலிநிவாரணியாக மருந்துக் கடைகளில் கிடைத்த புப்ரினார்ஃபின் ஊசி. டயஸெபாம், ஒவ்வாமைக்குத் தரும் அவில் போன்றவற்றைக் கலந்து ஏற்றுவதும் வழக்கமாயிற்று. மனநல மருத்துவர் எம். சுரேஷ்குமாரும் உடன்பணியாளர்களும் நகரில் செய்த விரைவு மதிப்பீடு இந்த மாற்றத்தையும், ஊசியும் குழலும் கைமாறுவதையும் ஆவணப்படுத்தியது.

ஒய்.ஆர்.ஜி. கேர் 2005இல் தொடங்கிய சென்னைத் தொடர் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பாதிப் பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் இருந்தது. இறப்பு பற்றிய அதன் கண்டுபிடிப்புகளே இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் இறப்பு விகிதம் இல்லாதவர்களைவிட மும்மடங்கு அளவில் இருந்தது. சிடி4 குறையக் குறைய அது செங்குத்தாக ஏறியது. இறப்புக் காரணங்களில் முன்னின்றவை அளவுமீறிய மருந்து, எய்ட்ஸ், காசநோய். எச்.ஐ.வி. இல்லாதவர்களும் இளம் வயதிலேயே கணிசமாக இறந்தனர்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு காரணமும் வேறு வேறு விதமாக ஓபியாய்டோடு தொடர்புடையது. அளவுமீறிய மருந்து மூச்சை நிறுத்துகிறது. நோயெதிர்ப்புக்கு இதில் பங்கில்லை. எய்ட்ஸால் நேர்ந்த இறப்பு, சிகிச்சை உரிய காலத்தில் தொடங்காததைக் காட்டுகிறது. காசநோயில் எல்லாம் சந்திக்கின்றன: சிடி4 இழப்பு, ஓபியாய்டால் தளர்ந்த விழுங்கணுக்கள், புகைபிடித்தல், நெரிசலான தங்குமிடம், சிறைவாசம், பசி. ஹெபடைடிஸ் சி தன் பங்குக்கு நோயெதிர்ப்பை ஓயாமல் தூண்டுகிறது. சுத்தமற்ற ஊசி ஒவ்வொரு முறையும் பாக்டீரியாக்களை இரத்தத்துக்குள் செலுத்துகிறது. சீழ்க்கட்டியும் இதய வால்வுத் தொற்றும் அதன் வழியே வருகின்றன. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காவல்துறைச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் டேபென்டடால் போன்ற வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும்போது, மாத்திரையைத் திரட்டப் பயன்படும் கரையாத பொருள்களும் நுரையீரலில் போய்த் தங்கி அழற்சியை உண்டாக்குகின்றன. ஆய்வகத்தில் மார்ஃபின் மீது சுமத்தப்படும் நோயெதிர்ப்புச் சேதத்தின் பெரும்பகுதி, தெருவில் இந்தச் சூழல்களின் கூட்டு விளைவாகவே வருகிறது.

8. ஊசியில் ஏறியதும் நாக்கடியில் வைத்ததும்

சென்னையில் தெருவில் ஊசியில் ஏறிய புப்ரினார்ஃபின், மாற்று மருந்துச் சிகிச்சையில் நாக்கின் அடியில் கரையும் மாத்திரையாகத் தரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெத்தடோனையும் புப்ரினார்ஃபினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அதன் மூன்றாம் கட்டத்தில் இச்சிகிச்சையை ஏற்றது. மருந்து வழக்கமாக மையத்தில், பணியாளரின் கண்முன்னே, நாள்தோறும் தரப்படுகிறது.

மூலக்கூறு மாறவில்லை. மாறியவை ஊசி, அளவு, ஒழுங்கு, மருத்துவத் தொடர்பு ஆகியவை. விளைவோ நேர்மாறாகிறது. மாற்று மருந்துச் சிகிச்சை எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2012இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பற்றிய 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, இச்சிகிச்சை பெறுவோர் கூட்டு மருந்தைத் தொடங்கும் வாய்ப்பு 69 சதவீதம் கூடுகிறது. மருந்தைத் தவறாமல் எடுக்கும் வாய்ப்பு இரு மடங்காகிறது. வைரஸ் அடங்கும் வாய்ப்பு 45 சதவீதம் கூடுகிறது.

நோயெதிர்ப்பை நேரடியாக அளந்த ஆய்வுகளும் இதே திசையில் உள்ளன. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் 1989ஆம் ஆண்டு ஆய்வில், ஹெராயின் ஊசி எடுத்தவர்களின் இயற்கைக் கொல்லி அணுக்களின் ஆற்றல் தாழ்ந்திருந்தது. நெடுங்காலம் மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களிடம் அது இயல்பாக இருந்தது. 2008இல் வெளியான இத்தாலிய ஆய்வில் மெத்தடோன், புப்ரினார்ஃபின் இரண்டில் எதைப் பெற்றாலும் நெடுங்காலச் சிகிச்சையில் உள்ளவர்களின் டி அணுச் செயல்பாடு நலமானவர்களை ஒத்திருந்தது. ஆய்வகக் கிண்ணத்தில் வைரஸைப் பெருக்கிய அதே மெத்தடோன் மனித உடலில் நோயெதிர்ப்பை மீட்பதோடு இணைந்து வருகிறது. புப்ரினார்ஃபினைப் பொறுத்தவரை கூடுதலாக ஒன்று: வைரஸைச் சுமந்து மூளைக்குள் நுழையும் ஒற்றையணுக்கள் என்ற வெள்ளணுக்களின் நகர்வை அது குறைக்கிறது என்று நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகச் சான்று கூறுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சிகிச்சையில் நெடுங்காலம் நிலைத்திருப்பவர்கள் தொடக்கத்திலேயே உடலும் வாழ்க்கையும் சற்றுச் சீராக இருந்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் மீட்சிக்கான பெருமை முழுவதையும் மருந்துக்குத் தர முடியாது. மறுப்பு நியாயமானது. எனினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுவதும், நிலையான மருந்தையும் விடுபடலையும் வேறுபடுத்திய விலங்கு ஆய்வுகள் அதனுடன் பொருந்துவதும் அந்த மறுப்பின் வலுவைக் குறைக்கின்றன.

9. சிகிச்சை முறைக்கு இதன் பொருள்

இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அப்போது சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே வந்தவருக்கே மருந்து. வரம்பு பின்னர் 350, 500 என உயர்ந்து, 2017இல் நீக்கப்பட்டது. தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்பதே இன்றைய கொள்கை. ஓபியாய்டு பழக்கம் உள்ளவர் முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்று காத்திருக்க வைப்பதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தரவு அதற்கு நேர் எதிரான சான்று.

மருந்துகளின் ஒன்றோடொன்றான வினையைக் கவனிக்காவிட்டால் சிகிச்சையே முறியும். பழைய மருந்துகளான நெவிரபினும் எஃபாவிரென்ஸும் மெத்தடோனை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றி விடுபடல் நிலையை உண்டாக்கின. நோயாளிகள் எச்.ஐ.வி. மருந்தைக் குறைகூறி நிறுத்தியதற்கு இது ஒரு காரணம். இப்போது முதல்நிலை மருந்தான டொலுடெக்ராவிரில் இந்தச் சிக்கல் இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இன்னும் கவனத்துக்குரியது: அது மெத்தடோன், புப்ரினார்ஃபின் இரண்டின் அளவையும் இறக்குகிறது, டொலுடெக்ராவிரின் அளவையும் இறக்குவதால் அதை நாளுக்கு இருமுறை தர வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி., காசநோய், ஓபியாய்டுச் சார்பு மூன்றும் உள்ளவருக்கு மூன்று பிரிவுகளின் மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசாமல் சிகிச்சை அமையாது. 2018 முதல் தேசியத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படும் ஹெபடைடிஸ் சி மருந்துகள், ஓயாத தூண்டலின் ஒரு மூலத்தை அகற்றும் வாய்ப்பைத் தருகின்றன.

வலிக்குத் தரப்படும் ஓபியாய்டு தனிக் கவனம் கோருகிறது. முற்றிய எய்ட்ஸிலும் புற்றுநோயிலும் வரும் கடும் வலிக்கு மார்ஃபினை மறுப்பது கொடுமை. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டதன் நோக்கங்களில் ஒன்றே மருத்துவத் தேவைக்கு அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பது. படைவீரர் ஆய்விலிருந்து பெறும் பாடம் அளவைப் பற்றியது: தேவையான மிகக் குறைந்த அளவு, இயன்றால் நோயெதிர்ப்பைக் குறைவாகத் தாழ்த்தும் வகை, நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசி, சிடி4 குறைவாக உள்ளவரிடம் நுரையீரல் அறிகுறிகளில் கூடுதல் விழிப்பு.

இறுதியாக, தூரம். கூட்டு மருந்தை நிலையான நோயாளிகளுக்கு மாதக் கணக்கில் மொத்தமாகத் தரலாம். மாற்று மருந்தோ வழக்கமாக நாள்தோறும் நேரில் பெற வேண்டியது. நகரில் மையத்துக்கு அருகே வசிப்பவருக்கு இயலும் இந்த ஒழுங்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள கீழ்புத்துப்பட்டு போன்ற ஊரில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் வேறொரு கணக்காகிவிடும். மீன்பிடிப்பும் உப்பள வேலையும் விடியுமுன் தொடங்குபவை. நகரத்து மையத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இழப்பு. பேருந்து தவறிய நாள் மருந்து தவறிய நாள். மருந்து தவறிய நாள் விடுபடல் நிலை. ஒழுங்குதான் நோயெதிர்ப்பைக் காக்கிறது என்றால், ஒழுங்கைக் கெடுக்கும் தூரம் மருத்துவக் காரணியே. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டுக்குக் கொண்டுசெல்லும் அளவில் மாற்று மருந்து தர இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. நாள்தோறும் நேரில் என்ற விதி தளர்த்தக் கூடியதே என்பதற்கு அதுவே முன்மாதிரி. ஒரே மருத்துவமனையில் கூட்டு மருந்தும் மாற்று மருந்தும் காசநோய் மருந்தும் ஒரே நாளில் கிடைக்கச் செய்வது அடுத்த படி.

10. முடிவு

ஓபியாய்டுகள் எச்.ஐ.வி. உள்ளவரின் நோயெதிர்ப்பைப் பாதிக்கின்றனவா என்றால், ஆம். வைரஸின் நுழைவாயிலை அதிகரித்தல், கொல்லி அணுக்களைத் தளர்த்துதல், குடல் சுவரைக் கசியவிடுதல், நிமோனியாவுக்கு இடம் தருதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு நிலையில் சான்று உண்டு. ஆனால் மருந்தின் வகை, அளவு, எடுக்கும் வழி, இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்து இந்தப் பாதிப்பு பெரிதும் மாறுகிறது. மார்ஃபினைப் பற்றிய ஆய்வகக் கண்டுபிடிப்பைப் புப்ரினார்ஃபின் மீதும், விட்டுவிட்டு ஏற்றும் ஊசியைப் பற்றிய கண்டுபிடிப்பை நாள்தோறும் தரும் மாத்திரை மீதும் ஏற்றிச் சொல்வது தவறு. மாற்று மருந்தும் ஒரு போதைதான், அதுவும் நோயெதிர்ப்பைக் கெடுக்கும் என்ற பரவலான எதிர்ப்புக்குச் சான்றுகள் துணை நிற்கவில்லை. சென்னையில் உயிரைப் பறித்த காரணங்களின் வரிசையும் இதையே கூறுகிறது: அளவுமீறல், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி., காசநோய் ஆகிய மூன்றும் சீரான சிகிச்சையால் பெருமளவு தடுக்கக் கூடியவை. அந்தச் சீரான சிகிச்சையின் ஒரு பகுதியாக ஓர் ஓபியாய்டே இருக்கிறது.